உன் நிழல் விழுந்த பச்சைச் சேலை

என் பாசமுள்ள அண்ணா, பச்சைச் சேலையைச் சிவப்பென்று கடைசிவரை சாதித்தவனே,

சுகமா என்று கேட்க வாய் வந்துவிட்டது. பழக்கம், விடு. இங்கே எல்லோரும் சுகம். உன் மகள் தர்ஷினிக்குக் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மாப்பிள்ளைக்கு மாத்தளை டவுனில் வேலை. தங்கமான பையன், உன்னைப்போல ஊருக்கே கேட்கச் சிரிப்பதில்லை என்பது ஒன்றுதான் குறை. மண்டபம் நிறையச் சனம். வடை போதாமல் போய்விட்டது, பாயாசம் மிஞ்சிவிட்டது. அண்ணி அழவில்லை, அழமாட்டேன் என்று என்னிடம் சத்தியம் செய்திருந்தாள்.

நீயும் வந்திருந்தாய். வாசலிலேயே நின்று வந்தவர்களை எல்லாம் வரவேற்றாய். எப்படி வந்தாய் என்று உனக்குத் தெரியாது அல்லவா? அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமான கதை. வழக்கம்போல நடுவில் ஹயர் வந்தது என்று த்ரீவீலரை எடுத்துக்கொண்டு ஓடிவிடாதே.

யட்டவத்தையில் என் கடை இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது. கல்யாண அழைப்பிதழ், பேனர், மிளகு, கறுவாப் பாக்கெட்டுகளுக்கு ஒட்டும் லேபிள், எல்லாம் அப்படியே. நீ த்ரீவீலரை வாசலில் நிறுத்திவிட்டு வந்து உட்காரும் பிளாஸ்டிக் கதிரையும் இருக்கிறது. நான் டேப்லட்டில் படம் வரையத் தொடங்கிய காலத்தில் அதில் உட்கார்ந்துகொண்டு நீ அடித்த கிண்டல் கொஞ்சமா?

"மலரு, இந்தப் பொம்பளைக்கு என்ன காய்ச்சலா? மூஞ்சியெல்லாம் சாம்பலாக் கெடக்கு."

"செவப்பு எது, பச்சை எதுன்னு தெரியாதவரு வந்துட்டாரு பேச."

"நெறந்தான் தெரியாது. எது இருட்டு, எது வெளிச்சம்னு தெரியும்ல?"

அன்றைக்கு உன்மேல் வந்த கோபத்தில் உனக்கு பிளேன்டீ ஊற்றித் தரவில்லை. ஆனால் நீ சொன்னது உண்மை. நிழல் என்றால் கறுப்பைக் கலப்பது, வெளிச்சம் என்றால் வெள்ளையைக் கலப்பது, இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த சாத்திரம். அதனால் நான் வரைந்த ஆட்கள் எல்லோரும் அடுப்படியிலிருந்து எழுந்து வந்தவர்கள் போலவே இருந்தார்கள். சாமி படமும் தப்பவில்லை.

உன் கண் விஷயம் இந்தக் கடிதத்தைப் படிக்கிற மற்றவர்களுக்குத் தெரியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். என் கல்யாணத்தில் மணவறைக்கு நடந்து வரும்போது கட்டுவதற்கு ஒரு சிவப்புச் சேலை கேட்டேன். நீ தனியாக மாத்தளைக்குப் போய் எடுத்து வந்தாய். பொட்டலத்தைப் பிரித்தால் பச்சை. வாழைக் குருத்துப் பச்சை, தங்கக் கரை. அம்மா போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டுச் சிங்களப் பொம்பளை என்னவோ ஏதோவென்று ஓடி வந்தாள். நீ அசையவே இல்லை. "நல்ல செவப்பாப் பாத்துத்தான் எடுத்தேன், உங்க எல்லாருக்கும் கண்ணுல கோளாறு" என்றாய். அன்றுதான் உனக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலவே தெரியும் என்று வீடு கண்டுபிடித்தது. கண்டிக்குப் போனால் சந்தி விளக்கில் மேலே எரிகிறதா கீழே எரிகிறதா என்று பார்த்துத்தான் இத்தனை காலம் ஓட்டியிருக்கிறாய்! கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? கேட்டால் மரியாதை போய்விடுமாம். அந்தப் பச்சையைத்தான் கட்டினேன். எனக்கு அது அழகாகத்தான் இருந்தது, உன்னிடம் மட்டும் ஒத்துக்கொண்டதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணத் தேதி வைத்ததும் தர்ஷினி கடைக்கு வந்தாள். உன் கதிரையில் உட்கார்ந்தாள். நகத்தைக் கடித்தாள். பிறகு கேட்டாள்.

"அத்தை, அப்பா பக்கத்துல நான் நிக்கிற மாதிரி ஒரு படம் வரைஞ்சு தாறீங்களா? மண்டபத்து வாசல்ல வைக்கணும்."

"டவுன்ல ஸ்டூடியோவுல செய்வாங்களே, புள்ள."

"அது வேணாம். என் கூட்டாளி கல்யாணத்துல பாத்தேன். அவங்க அப்பாவுக்கு கோட்டு சூட்டுப் போட்டு, வெள்ளை வெளேர்னு ஆக்கி... அவளுக்கே அவங்க அப்பாவத் தெரியல. எனக்கு அப்பா அப்பா மாதிரி நிக்கணும்."

உனக்குத் தெரியாது, இப்போது இது ஒரு வழக்கமாகிவிட்டது. காலமான அப்பாவையோ அம்மாவையோ பழைய படத்திலிருந்து வெட்டியெடுத்து, மணப்பெண் பக்கத்தில் ஒட்டிச் சட்டம் போட்டு வைக்கிறார்கள். யாராக இருந்தாலும் ஒரே கோட், ஒரே டை, கழுத்துக்கு மேல் மட்டும் தலை மாறும். பிறவியில் கோட் போடாத நீ அப்படி நின்றால் எப்படி இருக்கும் என்று நினைத்தேன், சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. "கை புடிச்சுக் கூட்டிட்டுப் போக ஆள் இல்லாட்டியும், வாசல்ல அப்பா நிக்கணும் அத்தை" என்றாள். அதற்குப் பிறகு எப்படி முடியாது என்பது?

சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் பிடித்தது. மிளகையும் சாதிக்காயையும் சாம்பலாக வரைந்தால் பாக்கெட்டில் யாரும் பார்க்கமாட்டார்கள். உன் முகத்தைச் சாம்பலாக வரைந்தால் அவள் வாழ்நாள் முழுக்கப் பார்ப்பாளே!

முதல் தடவை வரைந்த படம் சரியாக வரவில்லை. அண்ணி வந்து பார்த்தாள். இப்படித் தலையைச் சாய்த்தாள், அப்படிச் சாய்த்தாள். என் மனம் நோகக்கூடாது என்று நிறைய யோசித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு மலரு, எலக்சன் போஸ்டர் மாதிரி" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவள் சொன்னது சரி. நீ ஒரு பக்கம், தர்ஷினி ஒரு பக்கம், ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள் போல நின்றீர்கள்.

அதற்குப் பிறகு ஒழுங்காகப் படிக்கத் தொடங்கினேன், அண்ணா. படம் வரையச் சொல்லித்தருகிறவர்களின் வீடியோவைப் போனில் போட்டுப் பார்த்து, நிறுத்தி, திரும்பப் போட்டு. அவர்கள் பேசுகிற வேகத்துக்கு எனக்குப் பாதி விளங்கவில்லை. கையைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். வீட்டில் தக்காளி குழம்புக்குப் போவதற்கு முன்னால் என் எதிரில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் போனது. முட்டையை மஞ்சள் துணியில் வைத்து வரைந்தேன், நீலத் தட்டில் வைத்து வரைந்தேன். உன் மச்சான், அதாவது என் வீட்டுக்காரர், "சோறு எப்ப வரும்னு அந்த முட்டைகிட்டயே கேட்டுச் சொல்லு" என்று அடுப்படி வாசலில் நின்று புலம்பினார்.

பார்க்கப் பார்க்க ஒன்று தெரிந்தது. நிழலில் கறுப்பே இல்லை. தக்காளியின் நிழல் பக்கம் கறுப்புச் சிவப்பு அல்ல, அது வேறொரு ஆழமான சிவப்பு, ஓரத்தில் துணியின் மஞ்சளும் கொஞ்சம் ஏறியிருக்கும். உன் கன்னத்தின் இருண்ட பக்கத்தில் நனைந்த கறுவாப்பட்டையின் நிறம் இருக்கிறது. அதை எடுத்து வைத்ததும் சாம்பல் போய் உன் முகத்தில் உயிர் வந்தது. டேப்லட்டைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

இன்னொன்றும் கற்றேன், இது உனக்குப் பிடிக்கும். டேப்லட்டில் படத்தை லேயர் லேயராக வரைவோம்; கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது மாதிரி. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு லேயரைப் போட்டு நிறம் முழுவதையும் எடுத்துவிட்டால் படம் கறுப்பு வெள்ளையாகிவிடும். அப்போது நிறம் ஏமாற்றாது, எது இருட்டு, எது வெளிச்சம் என்று மட்டும் தெரியும். நான் அப்படிப் பார்த்தபோது அதிர்ந்துவிட்டேன். முகம், சேலை, பின்னால் மதில், எல்லாம் ஒரே மங்கல். நிறத்தை அள்ளிப் பூசி நான் மறைத்து வைத்திருந்தது எல்லாம் வெளியே வந்துவிட்டது.

உடனே உன் ஞாபகம்தான் வந்தது. பல்லேபொல வீட்டுத் தோட்டத்தில் மிளகு பறிப்போமே, பச்சைக் கொத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்தால்தானே பறிக்கிற பக்குவம்? உனக்கு அந்தச் சிவப்புத் தெரியாது. ஆனாலும் ஏணியில் நின்றபடி "இதுல ரெண்டு மணி இருண்டு கெடக்கு" என்று சரியான கொத்தையே கிள்ளிப் போடுவாய். நீ உலகத்தைக் கறுப்பு வெள்ளையாகப் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியும். நிறத்தில் நம்பிக்கை வைக்க முடியாததால் வெளிச்சத்தை நம்பினாய். அந்த லேயருக்கு 'அண்ணன்' என்று பெயர் வைத்திருக்கிறேன். இப்போது எந்தப் படம் வரைந்தாலும், மிளகு லேபிள் என்றாலும், கடைசியில் அண்ணனைப் போட்டுப் பார்க்காமல் வெளியே கொடுப்பதில்லை. காய்ச்சலா என்று நீ கேட்பாயே என்ற பயம்.

'அண்ணன்' காட்டித்தான் எலக்சன் போஸ்டரின் குற்றம் பிடிபட்டது. உன் படம் எது தெரியுமா? பின்னேர வெயிலில் த்ரீவீலரில் சாய்ந்துகொண்டு நீ சிரிக்கும்போது தர்ஷினி போனில் எடுத்தது. வெயில் உன் வலப்பக்கத்திலிருந்து விழுகிறது. அவளுடைய படமோ ஸ்டூடியோவில் எடுத்தது, வெளிச்சம் மற்றப் பக்கத்திலிருந்து. இரண்டு பேருக்கும் இரண்டு சூரியன்! ஒரே இடத்தில் நிற்கிற ஆட்கள் என்று எப்படி நம்புவார்கள்? உன்னை அவள் வெளிச்சத்துக்கு இழுக்கப் பார்த்தேன், நீ வரவில்லை. அப்படியானால் அவளை உன் வெளிச்சத்துக்குக் கூட்டிவர வேண்டியதுதான் என்று தீர்மானித்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எல்லோரும் பல்லேபொலவில், உன் முற்றத்தில். தர்ஷினி உள்ளே போய் உடுத்திக்கொண்டு வந்தாள். என் பச்சைச் சேலை. "கூறைச் சேலை மாப்பிள்ளை வீட்டுல தருவாங்க. மண்டபத்துக்கு நடந்து வாறது இதுலதான். அப்பா எடுத்த கல்யாணச் சேலை இது ஒண்ணுதானே" என்றாள். அம்மாவின் பழைய பெட்டியிலிருந்து அவளே எடுத்து, அண்ணியிடம் சொல்லி வெயில் காட்டி வைத்திருந்தாளாம். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை, கள்ளி.

உன் இடத்தில் நிற்க ஆள் வேண்டுமே? உன் வெள்ளைச் சட்டையை உன் மச்சானுக்கு மாட்டிவிட்டோம். வயிற்றுப் பக்கத்தில் பொத்தான் பூட்டவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, எறும்பு கடிக்கிறது, கண் கூசுகிறது என்று முனகிக்கொண்டு நின்றார். நான் டேப்லட்டை மடியில் வைத்துக்கொண்டு வரைய, திடீரென்று அவர் சட்டைக் கையைப் பார்த்துவிட்டுத் துள்ளினார்.

"ஐயோ மலரு, சீலைச் சாயம் போகுது! சட்டையில பச்சை ஒட்டிருச்சு!"

சொல்லிக்கொண்டே கையைத் தேய்க்கிறார், ஊதுகிறார், எச்சிலைத் தொட்டுத் துடைக்கிறார். பச்சை போகவில்லை. எப்படிப் போகும்? வெயில் சேலையில் பட்டு, அங்கிருந்து எகிறி, அவருடைய வெள்ளைச் சட்டையின் நிழல் பக்கத்தில் விழுந்துகொண்டிருந்தது. சாயம் அல்ல, வெளிச்சம். தர்ஷினி இரண்டடி தள்ளிப்போனாள், பச்சை மறைந்தது. திரும்ப வந்தாள், திரும்பி வந்தது. மனுசன் வாயைப் பிளந்துவிட்டார். அண்ணி சிரித்துச் சிரித்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். நீ போன பிறகு அந்த முற்றத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்கவில்லை.

அவர் நிழல் அவள் தோளில் விழுந்திருந்ததையும் அப்போதுதான் கவனித்தேன். அவள் நிறம் அவர் சட்டையில், அவர் நிழல் அவள் தோளில். பக்கத்தில் நிற்பது என்றால் இதுதான். இரண்டையும் அப்படியே வரைந்தேன். உன் முகத்தைக் கொண்டுவந்து வைத்தேன். 'அண்ணனை'ப் போட்டுப் பார்த்தேன். நீ நின்றாய், அண்ணா. சத்தியமாக நின்றாய்.

கதை அங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கல்யாணத்துக்கு முன்னால் பல்லேகமவிலிருந்து சித்தி வந்து சேர்ந்தாள். உனக்குத்தான் தெரியுமே, அம்மாவின் தங்கச்சி என்றாலும் அம்மாவையே அதட்டிய ஆள். டேப்லட்டை வாங்கி மூக்கில் முட்டுகிற மாதிரிப் பிடித்துப் பார்த்தாள். உன்னைப் பார்த்துக் கண்ணைத் துடைத்தாள். பிறகு விரல் படத்திலிருந்த தர்ஷினியின் தோளுக்குப் போனது.

"இது என்னா, கறுப்பா?"

"அண்ணன் நெழலு, சித்தி."

"அடி பாவி! கல்யாணப் பொண்ணு மேல செத்தவன் நெழலு விழலாமா? ஆகாதுடி. எடு அத!"

அண்ணியின் முகம் செத்துவிட்டது. தாலி ஏறுகிற நேரம், எந்தத் தாய்க்குத்தான் பயமில்லை? "மலரு, எடுத்துடேன்... ஏன் வீணா" என்றாள் மெல்ல. கறுப்பு இல்லை, அது ஆழமான பச்சை என்று சித்தியிடம் விளக்கவா முடியும்? தர்ஷினி உதட்டைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அவளுக்கு அப்பா வேண்டும், அம்மாவை மீறவும் முடியாது. சண்டை போட வாயைத் திறந்தவள், மூடிக்கொண்டு டேப்லட்டை வாங்கினேன். நிழல் தனி லேயரில்தான் இருந்தது. ஒரு தட்டுத் தட்டினால் மறைந்துவிடும். தட்டினேன்.

நீ போய்விட்டாய். முகம் அதே முகம், சிரிப்பு அதே சிரிப்பு. ஆனால் பழையபடி ஒட்டி வைத்த ஆள், மிதந்துகொண்டு நிற்கிற ஆள். அண்ணி "ஐயோ" என்றாள். "எங்க போனாரு? மறுபடி போடு மலரு." தட்டினேன், வந்தாய். சித்தி நம்பாமல் தானே விரலை வைத்து எடுத்தாள், போட்டாள், எடுத்தாள், போட்டாள். தர்ஷினி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"சின்ன அப்பாயி, வெயில்ல நான் நின்னா அப்பா இந்தப் பக்கம் வந்து நிப்பாரு. பஸ்ஸுக்கு நிக்கிற ஹோல்ட்டுலயும் அப்பிடித்தான். அந்த நெழல்ல நின்னுதான் வளந்தேன். அது எனக்கு என்னா கெடுதல் செய்யும்?"

சித்தி படத்தை மறுபடியும் மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு தலையைச் சிலுப்பிக்கொண்டு என்னை அதட்டினாள்.

"பேய்க்குத்தான்டி நெழலு கெடையாது. நெழலு இல்லாம நின்னா எங்க செல்வத்தப் பாத்து ஊரு பேயின்னுல சொல்லும்? போடு, நல்லாப் பெருசாப் போடு!"

பெரிசாகப் போட வெயில் சம்மதிக்காது என்று அவளிடம் யார் சொல்வது? சரி சித்தி என்றேன்.

கல்யாணத்தன்று காலையில் படத்தைத் தூக்கிக்கொண்டு மண்டப வாசலில் நான் படுத்திய பாடு இருக்கிறதே! இங்கே வை, இல்லை அங்கே வை என்று எல்லோருடைய பொறுமையையும் சோதித்தேன். படத்தில் வெயில் எந்தப் பக்கமோ, வாசல் வெயிலும் அந்தப் பக்கமாகவே விழ வேண்டும் என்று பிடிவாதம். உன்னோடு த்ரீவீலர் ஓட்டிய சுனில் வந்தான். ஒரு கணம் நின்று, "ஷா, செல்வம் மச்சான்!" என்று வியந்து, உன்னைப் பார்த்துக் கையை உயர்த்திவிட்டு, அப்புறம் கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்தான். வந்தவர்களில் ஒருவரும் எலக்சன் போஸ்டர் என்று சொல்லவில்லை.

பிறகு கார் வந்து நின்றது. உன் மகள் இறங்கினாள், பச்சைச் சேலையில். நடந்து வந்து உன் பக்கத்தில் நின்றாள். படம் எடுக்கிற பையன் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான், அவள் கேட்கவில்லை. உன்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காலை வெயில் முழுவதும் அவள் சேலையில். அப்போது பார்த்தேன், அண்ணா. படத்தில் உன் வெள்ளைச் சட்டையில், நான் வைத்த பச்சைக்கும் மேலே, இன்னொரு பச்சை மெல்லப் பரவியது. நான் பூசாத பச்சை. அவள் மூச்சு விடும்போது அதுவும் அசைந்தது.

உன் மச்சான் என் காதருகில் குனிந்தார். "மலரு, செல்வத்தோட சட்டையில சாயம் ஒட்டியிருக்கு. தொடைக்கவா?" என்றார். கிண்டல்தான், ஆனால் மனுசனுக்குக் குரல் உடைந்துவிட்டது. அழமாட்டேன் என்று என்னிடம் யாரும் சத்தியம் வாங்கவில்லை, அதனால் நான் அழுதேன்.

அந்த நிறத்தை நீ வாழ்நாளில் பார்த்ததில்லை. பார்க்காமலே எடுத்து வந்தாய். அது எப்படி அத்தனை பொருத்தமாக அமைந்தது? உனக்குத் தெரிந்துதான் எடுத்தாயா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

படம் இப்போது தர்ஷினி வீட்டு முன்னறையில், சன்னலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒன்று மட்டும் உறுதி சொல்கிறேன். உனக்குப் பேரப்பிள்ளைகள் வரும்போது ஒவ்வொன்றையும் அதே பின்னேர வெயிலில் உன் முற்றத்தில் நிறுத்தி வரைவேன், ஒவ்வொன்றின் தோளிலும் உன் நிழலைப் போடுவேன். கறுப்பைத் தொடவே மாட்டேன். உனக்குக் கோட் போடவும் யாரையும் விடமாட்டேன்.

அந்தச் சேலை சிவப்புத்தான் என்று இன்றைக்கும் உன்னிடம் ஒத்துக்கொள்ளாத,
உன் தங்கச்சி மலர்